முதல் தூண்டில் ராடை நாமே கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராடு கட்டுவது என்றால் என்னென்ன செய்கிறோம்? கோலையும் நாமே செய்ய வேண்டுமா?

வேண்டாம். பிளாங்க் எனப்படும் வெறுங்கோல் ஆலையில் தயாராகி வரும். பிசின் ஏற்றிய கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியை, நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் எஃகுக் கம்பியில் சுருட்டி, மேலே நாடாவை இறுக்கிச் சுற்றி, சூடேற்றி இறுகவைப்பார்கள். பிறகு கம்பியை உருவிவிடுவார்கள். மிஞ்சும் மெல்லிய குழாய்தான் பிளாங்க். அதில் பிடி, தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீல் உட்காரும் ரீல் சீட், நரம்பு ஓடும் கைடுகள் என்ற வளையங்கள், நுனியில் டிப் டாப் என்ற கடைசி வளையம், இவற்றைப் பொருத்துவது நம் வேலை. கைடுகளைப் பசையால் ஒட்டுவதில்லை. அவற்றின் கால்களை நூலால் சுற்றிக் கட்டி, நூலின்மேல் எபாக்ஸி என்ற இறுகும் பிசினைப் பூசுகிறோம். மீன் இழுக்கும்போது கைடைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டுதான்.

கடை ராடைவிட நன்றாக வருமா? செலவு குறையுமா?

செலவு குறையும் என்று நினைத்து இறங்க வேண்டாம். பாகங்களைச் சில்லறையாக வாங்குகிறோம், சில கருவிகளும் வேண்டும். அதே தரமுள்ள கடை ராடைவிட முதல் ராடுக்குக் கூடுதலாகவே செலவாகலாம். கிடைக்கும் பயன் வேறு. கடை ராடு ஒரு சராசரிக் கையை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் கட்டும் ராடில் பின்பிடி உங்கள் முன்கைக்கு ஏற்ற நீளம், பிடியின் பருமன் உங்கள் விரல்களுக்கு ஏற்றது, கைடு வரிசை உங்கள் ரீலுக்கும் நரம்புக்கும் ஏற்றது. நாள் முழுக்க எறிந்து பார்த்தால் வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

முதல் ராடுக்கு எந்த பிளாங்க் எடுப்பது?

ஆறரை முதல் ஏழு அடி நீளம், நடுத்தர பவர், கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலுக்கான ராடு. இதுதான் என் பரிந்துரை.

பவர், ஆக்‌ஷன் என்ற இரண்டு சொற்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு பாரம் தேவை என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதிக் கோல்வரை வளைந்தால் மாடரேட், பிடிவரை வளைந்தால் ஸ்லோ. ஒரே பவரில் வெவ்வேறு ஆக்‌ஷன் உள்ள பிளாங்க்குகள் உண்டு.

கார்பன் ராடுகள் 1970-களில் சந்தைக்கு வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டதற்குக் காரணம், அதே விறைப்பைக் கண்ணாடி இழையைவிட மிகக் குறைந்த எடையில் கொடுத்ததுதான். ஆனால் மாடுலஸ், அதாவது இழையின் விறைப்பு, கூடக்கூடக் கோலின் சுவர் மெலிகிறது, கல்லிலோ படகு விளிம்பிலோ இடித்தால் தாங்குவதில்லை. விளம்பரத்தில் உச்சத்தில் இருக்கும் பிளாங்க்கை விட்டுவிட்டு நடுத்தர மாடுலஸ் எடுங்கள். கண்ணாடி இழை கனமானது, மெதுவாக வளைவது, அடியைத் தாங்குவது. அதில் முதல் ராடு கட்டினாலும் தப்பில்லை.

ஸ்பின்னிங் ராடை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் கைடுகள் கோலுக்குக் கீழே தொங்குகின்றன. பாரம் வரும்போது கோல் முறுக்கிக்கொள்ளாது. பெய்ட் காஸ்டிங் ராடில் ரீலும் கைடுகளும் மேலே இருப்பதால், நரம்பு இழுக்கும் விசை கோலைத் திருப்பிவிடப் பார்க்கும். நரம்பு கோலில் உரசாமல் இருக்க நடுவில் கூடுதல் கைடுகளும் வேண்டும். கைடுகளை மேலிருந்து கீழ்நோக்கிச் சுற்றிக் கொண்டுபோகும் சுருள் அமைப்பு அதைச் சரிசெய்யும், ஆனால் அதை அடுத்த ராடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாகமும் அளவு பொருந்திச் சேர்ந்து வரும் கிட் கிடைத்தால் முதல்முறைக்கு அதையே வாங்குங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நூல் சுற்ற விலையுயர்ந்த யந்திரம் தேவையில்லை. உறுதியான அட்டைப்பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ‘வி’ வடிவ வெட்டுப் போட்டு, கோல் கீறாமலிருக்க வெட்டின் விளிம்பில் துணி ஒட்டினால் தாங்கி தயார். நூல்கண்டை ஒரு குவளைக்குள் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு எடுங்கள். மேலே வைக்கும் பாரத்தைக் கூட்டிக் குறைத்து நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம்.

இவற்றோடு மாஸ்கிங் டேப், புது பிளேடுகள், உருண்டை அரம், சிறிய தூரிகைகள், அளவு குறித்த சிரிஞ்சுகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நைட்ரைல் கையுறை போதும். ஒன்றே ஒன்றுக்குப் பணம் செலவிடலாம் என்றால் அது எபாக்ஸி காயும்போது கோலைச் சுழற்றும் மோட்டார். நிமிடத்துக்கு 6 முதல் 18 சுற்று சுழலும் சிறிய மோட்டார் போதும்.

எந்த வரிசையில் வேலை செய்வது?

கோலின் முதுகைக் கண்டுபிடிப்பது, எல்லாப் பாகங்களையும் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது, பிடியையும் ரீல் சீட்டையும் ஒட்டுவது, டிப் டாப், கைடுகளின் இடம் குறிப்பது, நூல் சுற்றுவது, எபாக்ஸி பூசுவது.

பிடியின் பாகங்கள் எல்லாமே நுனிப்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து அடிப்பக்கம்வரை இறங்கி வர வேண்டியவை, பிடியின் முன்விளிம்பை மூடும் சிறு வளையம் உட்பட. அதனால் டிப் டாப்பும் கைடும் அவற்றுக்குப் பிறகுதான்.

இந்த வேலையில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு: எது திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்பதை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நூல் சுற்று பிடிக்கவில்லையா, பிளேடால் வெட்டிவிட்டு மறுபடி சுற்றலாம். டிப் டாப்பைச் சூடுகாட்டிக் கழற்றலாம். கைடின் இடத்தைக் கடைசி நிமிடம்வரை மாற்றலாம். ஆனால் எபாக்ஸியில் ஒட்டிய பிடியைச் சேதமில்லாமல் கழற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அளவில் சிறுத்துப்போகத் தேய்த்த தக்கையும், வெட்டிய கோலும் திரும்பி வராது. பலரும் நூல் சுற்றும் கட்டத்தில் பயந்து நடுங்குகிறார்கள், பிடி ஒட்டுவதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நியாயமாக அது தலைகீழாக இருக்க வேண்டும்.

கோலின் முதுகு என்கிறார்களே, ஸ்பைன், அது எதற்கு? கண்டுபிடித்தே ஆக வேண்டுமா?

இழைத் துணியைச் சுருட்டும்போது அது தொடங்கி முடியும் இடங்களில் சுவரின் தடிமன் சற்று மாறுபடும். அதனால் ஒரு பக்கம் மற்ற பக்கங்களைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அடிமுனையை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியை ஒரு உள்ளங்கையில் தாங்கி, நடுவில் இன்னொரு கையால் மெல்ல அழுத்திக் கோலை உருட்டுங்கள். ஓரிடத்தில் அதுவாகவே துள்ளித் திரும்பி நிற்கும். நல்ல பிளாங்க்குகளில் இது மிக லேசாகத்தான் தெரியும்.

முதுகைச் சரியாக வைக்காவிட்டால் ராடு முறுக்கிக்கொள்ளும் என்று பழைய கையேடுகள் சொல்லும். மீன் இழுக்கும்போது கோலைத் திருப்புவது பெரும்பாலும் கைடுகள் மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்பதுதான். முதுகின் பங்கு அதற்கு முன்னால் சொற்பம். அதனால் பலர் இப்போது முதுகை விட்டுவிட்டு, கோல் எந்தக் கோணத்தில் பார்க்க மிக நேராக இருக்கிறதோ அதன்படி கைடு வைக்கிறார்கள். எந்த பிளாங்க்கும் நூற்றுக்கு நூறு நேராக இருப்பதில்லை. சிறு வளைவு இருந்தால் நுனி மேல்நோக்கி லேசாக எழும்படி வைத்துவிட்டால், கைடுகளின் எடையில் அது சமமாகிவிடும். நானும் இந்தப் பக்கம்தான். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மாஸ்கிங் டேப்பில் அடையாளம் போட்டு, இரண்டு துண்டுக் கோலானால் இரண்டிலும் போட்டு, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

பிடியையும் ரீல் சீட்டையும் எப்படி ஒட்டுவது?

முதலில் பசையில்லாமல். எல்லாவற்றையும் டேப் சுற்றித் தற்காலிகமாக நிறுத்தி, ரீலை மாட்டி, எறிவதுபோல ஆட்டிப் பாருங்கள். ஒருகையால் எறியும் ராடானால் பின்பிடி முழங்கையில் இடிக்காத நீளம் இருக்க வேண்டும். இருகையால் எறிவதானால் பின்னால் நீளம் கூடுதலாக வேண்டும். இதற்கு ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கைப் பிடியின் துளையைக் கோலின் சரிவுக்கு ஏற்பத் தேய்த்து அகலப்படுத்த வேண்டும். அது லேசான அழுத்தத்தில் தன் இடத்துக்கு வந்து சேர வேண்டும். பலமாகத் தள்ளினால் பிளந்துவிடும். கொஞ்சம் தேய்ப்பது, போட்டுப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் தேய்ப்பது, அவ்வளவுதான் வழி. ஈவிஏ நுரைப்பிடி நெகிழும் என்பதால் துளை சற்றுச் சிறிதாக இருந்தாலும் இறங்கிவிடும்.

ரீல் சீட்டின் துளை பெரும்பாலும் கோலைவிடப் பெரிது. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப மாஸ்கிங் டேப்பைக் குறுகலான பட்டைகளாகச் சுற்றலாம், அல்லது ஆயத்தமாக விற்கும் நுரை வளையங்களைப் போடலாம். டேப் என்றால் பட்டைகளுக்கு நடுவே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். சீட்டைத் தாங்கிப் பிடிப்பது அந்த இடைவெளியில் நிரம்பும் எபாக்ஸிதான், டேப் அல்ல. பட்டைகளின் ஓரமும் பசையில் மூழ்க வேண்டும். வெளியே தெரிந்தால் தண்ணீர் ஏறி ஊறி, நாளடைவில் சீட் ஆடத் தொடங்கும். கட்டி முடித்த ராடில் வரும் கட கட சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

5 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியை இங்கே பயன்படுத்தாதீர்கள். மெதுவாக இறுகுவதாக எடுத்தால்தான் நிதானமாகச் சீட்டை அடையாளத்தோடு நேர்ப்படுத்த முடியும். சீட்டின் மரையில் பசை போகாதபடி டேப் ஒட்டி மூடுங்கள். வழிந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். இறுகும்முன் ரீலை ஒருமுறை மாட்டி, பின்னாலிருந்து நோக்கி, கோலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

டிப் டாப்பை எதனால் ஒட்டுவது?

ஹாட் மெல்ட் பசைக்குச்சியால். பிறகு சூடு காட்டினால் கழன்றுவிடும் என்பதே காரணம். டிப் டாப்பின் குழாயைச் சூடாக்குங்கள், கோலை அல்ல. குழாயின் அளவைப் பல நிறுவனங்கள் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்குக் கணக்கில் தருகின்றன. 5 என்று போட்டிருந்தால் 5/64 அங்குலம்.

எத்தனை கைடு, எங்கெங்கே வைப்பது?

அடிக்கு ஒன்று, மேலே ஒன்று என்பது பழைய கணக்கு. ஏழடி ராடுக்குச் சுமார் எட்டு. தொடங்குவதற்கு நல்ல கணக்குதான். ஆனால் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் பிளாங்க் வளையும் விதம். இணையத்தில் கிடைக்கும் அட்டவணை வேறு யாருடைய கோலுக்கோ போட்டது.

ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு பெரிய பெரிய வளையங்களாகப் பிரிந்து வரும். ரீலுக்கு அருகில் உள்ள கைடுகள் அதைச் சிறிது சிறிதாக அடக்கி நேராக்க வேண்டும். ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் பரப்பிய முறையில், ரீலின் அச்சை முன்னோக்கி ஒரு கோடாக நீட்டினால் அது கோலைச் சந்திக்கும் இடத்தில் முதல் சிறிய கைடு வரும். அதற்கும் ரீலுக்கும் நடுவில் உயரமான கைடுகள் வேகமாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதற்கு அப்பால் நுனிவரை எல்லாமே சிறிய ஒற்றைக்கால் கைடுகள். நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் கோல் நிமிரும் வேகத்தைக் குறைக்கும், ஆகவே அங்கே சிறியதே நல்லது. இரட்டைக்கால் கைடுகளை ரீலுக்கு அருகிலான பெரியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நுனிப்பக்கம் முதல் இடைவெளி சுமார் 10 செ.மீ., அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கைடுகளை டேப்பாலோ சிறு ரப்பர் வளையங்களாலோ நிறுத்தி, பாரச் சோதனை செய்யுங்கள். பிடியை உறுதியாகப் பொருத்தி, நரம்பைக் கைடுகள் வழியே விட்டு, நுனிப்பகுதி பிடிக்குக் குத்தாக, அதாவது 90 டிகிரி அளவுக்கு வளையும்வரை மெல்ல இழுங்கள். அதைத் தாண்ட வேண்டாம், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நரம்பு கோலின் வளைவை ஒட்டி, எல்லாக் கைடிலும் ஏறக்குறைய சமமாகத் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நரம்பு கூர்மையாக மடிந்தால் அங்கே பாரம் குவிகிறது. பக்கத்துக் கைடை அந்த இடத்துக்கு நெருக்குங்கள், அல்லது ஒன்றைச் சேருங்கள்.

பிறகு அதே டேப் கைடுகளோடு லேசான பாரத்தை எறிந்தும் பாருங்கள். நரம்பு கோலில் அடித்துக்கொண்டு ஓடினால் முதல் கைடை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இந்த ஒரு சோதனைக்கு நீங்கள் செலவிடும் நேரம், அழகான நூல் வேலைக்குச் செலவிடும் நேரத்தைவிட ராடை அதிகம் மேம்படுத்தும். என்னைக் கேட்டால் ராடு கட்டுவதன் இதயமே இதுதான்.

கைடின் காலை அரத்தால் தேய்க்கச் சொல்கிறார்களே?

கால் முனை தடித்திருந்தால் நூல் அதன்மேல் ஏறும்போது இடைவெளி விழும். முனையைச் சரிவாகத் தேய்த்து, அடிப்பக்கத்துப் பிசிறையும் நீக்குங்கள். பிசிறு கோலைக் கீறினால் அந்தக் கீறலில்தான் பிறகு உடையும். பெயின்ட் போன முனைகள் எபாக்ஸிக்குள் மறைந்துவிடும்.

நூல் சுற்றுவதை விளக்க முடியுமா?

நன்னீர், லேசான கடல் ராடுகளுக்கு ‘ஏ’ அளவு நைலான் நூல். கனமான ராடுகளுக்கு ‘டி’.

கைடின் கால் முனைக்கு 5 மி.மீ. வெளியே வெறுங்கோலில் தொடங்கி, கைடு வளையத்தை நோக்கிச் சுற்றி வர வேண்டும். நூலின் நுனியைக் கோலில் கிடத்தி, அதன்மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் அது மாட்டிக்கொள்ளும். மீதி நுனியை வெட்டிவிடுங்கள். கையால் நூலைச் சுற்றுவதில்லை, கோலைத்தான் உருட்டுகிறோம். நூல் ஏற்கெனவே சுற்றிய பக்கமாக லேசாகச் சாய்ந்து வந்தால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதோடு தானாக ஒட்டி அமரும். காலின்மேல் ஏறும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, நகத்தால் தள்ளிக்கொடுங்கள்.

முடிக்க இன்னும் எட்டுப் பத்து சுற்று இருக்கும்போது, தனி நூலில் செய்த ஒரு கண்ணியை, அதன் வளைவு நீங்கள் போகும் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, அதன்மேலேயே சுற்றுங்கள். கடைசியில் நூலை வெட்டி, முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியைப் பின்பக்கமாக இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய்விடும். வெளியே நீட்டும் துணுக்கைப் புது பிளேடால் வெட்டுங்கள், பிளேடு கோலைத் தொடக் கூடாது. வழவழப்பான எதையாவது வைத்து நூல்மேல் தேய்த்தால் சிறு இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

இறுக்கம் எவ்வளவு என்பதற்கு அளவு இதுதான்: கட்டிய பின்னும் கைடைப் பெருவிரலால் அழுத்தமாகத் தள்ளினால் சற்று நகர வேண்டும். எல்லாம் கட்டியபின் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்து ஒவ்வொன்றையும் நேராக்கப் போகிறீர்கள். கல்லாக இறுக்கிவிட்டால் அது முடியாது, மெல்லிய நுனியில் கோலுக்கும் நல்லதல்ல. ஒற்றைக்கால் கைடுகள் கட்டிலிருந்து உருவிக்கொள்ளாமலிருக்க, காலுக்கு முன்புறமும் சில சுற்று போட்டுப் பூட்டும் ஃபோர்ஹன் சுற்று என்ற முறை இருக்கிறது. கற்றுக்கொள்வது எளிது.

கண்டில் பார்த்த நிறம் எபாக்ஸி பட்டதும் மாறிவிடுகிறதே?

சாதாரண நைலான் எபாக்ஸியை உறிஞ்சி ஊடுருவித் தெரியும்படி ஆகிவிடும். கரும் கோலில் வெளிர்நிறம் இன்னும் மோசம். வெள்ளை நூல் கிட்டத்தட்டக் காணாமலே போய், கைடின் கால் வெளியே தெரியும். இரண்டு தீர்வு: நிறம் மாறாதபடி பதப்படுத்திய என்சிபி வகை நூல், அல்லது எபாக்ஸிக்கு முன் பூசும் நிறக்காப்புத் திரவம். அந்தத் திரவம் முழுதாகக் காயாவிட்டால் பிறகு வெண்மையாகப் பூத்துவிடும், எபாக்ஸி நூலுக்குள் இறங்குவதையும் தடுக்கும். முதல் ராடுக்குக் கறுப்போ கருநீலமோ எடுங்கள், இந்தக் கவலையே வராது. சிறு கோணல்களையும் அது மறைக்கும்.

எபாக்ஸி பூசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அளவை. ராடு பூச்சு எபாக்ஸிகள் பெரும்பாலும் பிசினும் இறுக்கியும் சரிபாதி. கண் கணக்குப் போடாமல் இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு வைத்து அளக்கவும். தேவை கொஞ்சமாக இருந்தாலும் இரண்டிலும் 3 மில்லியாவது எடுங்கள், ஏனென்றால் அளவு குறையக் குறையச் சிறு பிசகும் பெரிதாகிவிடும். உள்ளே சிலிக்கான் எண்ணெய் தடவிய சிரிஞ்சு வேண்டாம். அந்த எண்ணெயோ விரலின் எண்ணெய்ப் பசையோ பட்டால் பூச்சு அங்கங்கே விலகிக் குழிவிடும். பூசும்முன் கோலை ஆல்கஹாலால் துடைத்து, நூலைக் கையால் தொடாமல் இருங்கள்.

மெதுவாக, ஓரங்களை வழித்து வழித்து, 3 நிமிடம் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் குமிழி நிறைந்துவிடும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். குவளையிலேயே இருந்தால் தன் சூட்டில் தானே சீக்கிரம் கெட்டியாகும்.

தூரிகையால் தேய்க்க வேண்டாம், சுழலும் கோலில் தடவி விட்டால் அதுவே பரவும். நூலின் விளிம்பைத் தாண்டி 1 மி.மீ. கோலிலும் படட்டும், தண்ணீர் உள்ளே போகாது. பத்து நிமிடம் கழித்துச் சுழற்சியை நிறுத்தினால் மிகுதி கீழே சொட்டாகத் திரளும், அதைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். நிற்கும் குமிழிகளுக்குச் சாராய விளக்கின் சுடரை ஒரு கணம், தூரத்திலிருந்து காட்டினால் போதும். மோட்டார் இல்லையென்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டே, பூச்சு ஓடாமல் நிற்கும்வரை மூன்று நான்கு மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். அறை 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. ஒரே தடித்த பூச்சு நடுவில் உப்பிக்கொள்ளும். மெல்லிய இரண்டு பூச்சு அழகு, எடையும் குறைவு.

இரண்டு நாளாகியும் பூச்சு ஒட்டுகிறதே?

அளவு தவறியது, அல்லது கலக்கியது போதவில்லை. ஓரளவு வெதுவெதுப்பான அறையில் இன்னும் ஒருநாள் விட்டுப் பாருங்கள். மாறவில்லையென்றால் சரியாக அளந்து கலந்த புதுப்பூச்சை மேலே பூசுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கோல் நீளமாக இருந்தால் வெட்டலாமா?

அடியிலிருந்து வெட்டினால் பவர் சற்றுக் குறையும், நுனியிலிருந்து வெட்டினால் கோல் விறைத்து, மெல்லிய உணர்வு போய்விடும். கட்டாயமென்றால் டேப் சுற்றி, மெல்லிய அரத்தால் சுற்றிலும் அறுங்கள். பலமாக நெரிக்கும் எந்தக் கருவியும் கூடாது. கார்பன் தூளுக்கு முகக்கவசம் அவசியம். எபாக்ஸிக்கும் கையுறை போடுங்கள், திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் நிரந்தர ஒவ்வாமை வரக்கூடும்.

எப்போது மீன்பிடிக்கப் போகலாம்? பிறகு ஒரு கைடு உடைந்தால்?

24 மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கலாம். மீன்பிடிக்கச் சில நாள் பொறுங்கள், எபாக்ஸி முழு உறுதி பெற அவ்வளவு வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னல் நேரத்திலும் ராடை நிமிர்த்தாதீர்கள்.

கைடு உடைந்தால் ராடு போய்விட்டதாக நினைக்க வேண்டாம். கோலின் பக்கமாக அல்லாமல் கைடுக் காலின் மேற்புறத்தில், நீளவாக்கில், பிளேடை வைத்துப் பூச்சையும் நூலையும் சீவுங்கள். காலின் உலோகம் பிளேடிடமிருந்து கோலைக் காக்கும். லேசாகச் சூடுகாட்டினால் மிச்சப் பூச்சு நகத்தாலேயே உரிந்து வரும். அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, புதுக் கைடை வைத்து, அதே நூலில் மறுபடி கட்டுங்கள்.